சிவப்பு பிரேக்கும் கறுப்பு ஆயிலும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காரின் பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பதை நான் எதிர்க்கவில்லை. சாந்தோமில் குடியிருப்பவன் யாரும் அதை எதிர்க்க முடியாது. எங்கள் வீட்டு கேட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உரிகிறது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் துரு ஒட்டுகிறது. மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டி அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கடல் காற்றுக்கு வார்ப்பிரும்பு என்றால் அப்படி ஒரு பிரியம். சக்கரத்துக்குள் இருக்கும் காலிப்பர் மட்டும் தப்பிக்குமா? ஒரே ஒரு ஐப்பசி கார்த்திகை போதும், பழைய கிணற்று ராட்டினம் போல ஆகிவிடும்.

என் சண்டை வேறு. பெயிண்ட் அடிக்கிறவர்கள் பெயிண்ட்டிலேயே ஆரம்பித்து பெயிண்ட்டிலேயே முடித்துக்கொள்கிறார்கள். அதோடுதான் சண்டை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்து, கொல்லிமலையில் என் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்திருப்பேன் என்பதால், இதைச் சொல்ல எனக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

அம்பாசடரும் ஃபியட்டும் ஓட்டிய என் வயதுக்காரர்களுக்காக ஒரு விளக்கம். நம் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம்தான். உள்ளே இரண்டு ஷூ விரிந்து டிரம்மின் உட்சுவரைத் தேய்க்கும். மூடிய பானை மாதிரி, சூடு வெளியே போக வழி கிடையாது. இன்றைய வண்டிகளில் முன்சக்கரத்தில் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் பட்டை வைத்துக் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கைதான் காலிப்பர். காற்றுப் படும்படி திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் ஆறும். 1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் ஜாகுவார் வண்டிகள் ஜெயித்தபோது அவற்றில் இருந்தது டிஸ்க் பிரேக். அதற்குப் பிறகுதான் உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்து, 1955இல் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் கம்பெனி காட்டிய டி.எஸ். வண்டி முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கோடு வந்தது.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். அதனால் இந்தச் சாமானைப் பற்றி யார் பேசினாலும் என் மனதில் முதலில் வருவது காலிப்பர் அல்ல, ‘எத்ரியே’. பிரெஞ்சில் இதற்கு அதுதான் பெயர். குதிரைச் சேணத்தில் கால் வைத்து ஏறுகிற அங்கவடிக்கும் அதே சொல்தான். பிரேக்குக்கு ‘ஃப்ரேன்’ என்பார்கள். அது குதிரையின் வாயில் மாட்டுகிற கடிவாள இரும்பு. வண்டி மாறியதே தவிர அவர்கள் சொல் இன்னும் குதிரை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். கடிவாளம் என்று சொன்னால் அதன் மேல் பளபளப்பை யாரும் முதலில் தேடமாட்டார்கள். வாய்க்குள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா, இழுத்தால் நிற்குமா என்றுதான் பார்ப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி கார் பந்தயம் நடப்பதாக இருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது நினைவிருக்கும். அந்தப் புயலில் எங்கள் வண்டியின் சக்கரங்கள் இரண்டு நாள் பாதி தண்ணீரில் நின்றன. பந்தயம் பிறகு 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. மவுண்ட் ரோடு, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரை கிலோமீட்டர் சுற்று. சோழவரத்துப் பந்தயங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. எனவே பேரன் போகிறேன் என்றபோது சந்தோஷமாகவே அனுப்பினேன்.

போனவன் சிவப்பு காலிப்பர் ஆசையோடு திரும்பி வந்தான். அதைப் பார்த்தது பந்தய வண்டிகளில் அல்ல, பந்தயம் பார்க்க வந்தவர்களின் வண்டிகளில். அலாய் வீலின் இடுக்கு வழியாகச் சிவப்பாகத் தெரிந்ததாம். "தாத்தா, சும்மா கெத்தா இருக்கு தாத்தா!" என்றான். நம் வண்டி 2018இல் வாங்கிய சின்ன வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். காந்தி ஜெயந்தி விடுமுறையில் வாசலில் வைத்து அடித்துவிடலாம் என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் அல்ல. சூடு தாங்கும் பெயிண்ட் டப்பா எழுநூறு ரூபாய்க்கு மேல் என்றான். பக்கத்து ஹார்டுவேர் கடையில் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் காட்டி, "சிவப்பு சிவப்புதானே, இது போதும்" என்றவன் நான். சர்க்கார் உத்தியோகத்தில் கொட்டேஷன் பார்த்துப் பார்த்து ஊறிப்போன புத்தி. அவன் அடிக்கும்போது டார்ச் பிடித்ததும் நான்தான். கம்பி பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு, உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, டிஸ்க்கின் மேல் ஒரு தினமணித் தாள், உடனே புஸ்ஸென்று ஸ்ப்ரே. அரை மணி நேரத்தில் முடிந்தது. பின்னால் டிரம்முக்கும் சிவப்பு. வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, "பிரமாதம்டா" என்று சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்கும்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் கொல்லிமலைக்குப் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் இறங்கும்போது பேரன் ஓட்டினான், நான் பக்கத்தில். பின்னால் என் மனைவியும் மருமகளும். முதலில் ஏதோ கருகுகிற வாசனை. வெளியே யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு முன்னால் அவன் குரல் மாறியது. "தாத்தா, பெடல் உள்ளே போகுது."

அவன் சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர், கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கத்து வாய்க்கால் ஓரமாக உரசி நிறுத்தினான். கை பிரேக்குக்கு ஆயில் கிடையாது, கம்பியால் இழுத்துப் பின் டிரம்மைப் பிடிக்கிறது. அந்தக் கம்பிதான் அன்று நால்வரையும் காப்பாற்றியது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்திலிருந்து புகை. நாங்கள் அடித்த சிவப்பு கொப்புளித்து, காப்பிக்கொட்டை நிறத்தில் உரிந்து தொங்கியது. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி கெட்டியாக வந்தது. ஊர்ந்து இறங்கி அடிவாரத்தில் காரவள்ளி வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு மெக்கானிக், முப்பது வயது இருக்கும். சக்கரத்தைக் கழற்றினார். பிறகு பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "இது எப்ப மாத்தினது சார்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இளமஞ்சளாக, தெளிவாக இருக்க வேண்டியது டிகாஷன் மாதிரி கறுத்துக் கிடந்தது. ஆறு வருடம், வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை.

பிரேக் ஆயில் என்கிறோம், அது எண்ணெயே அல்ல. கிளைக்கால் வகைத் திரவம். அதன் சுபாவம் தண்ணீரை இழுப்பது. ரப்பர் குழாய் வழியாகக்கூடக் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டாட் 4 என்று போட்ட புதுத் திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதிலேயே நூற்றுக்கு மூன்றரை, நாலு பங்கு ஈரம் சேர்ந்துவிட்டால் தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தால் 140. மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை. திரவம் கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்கினால் அது அழுத்தத்தைக் கடத்தும், ஆவியை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கால் தரை வரை போகும், பிரேக்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவமாகும், பெடல் திரும்பும். அதனால்தான் இந்தக் கோளாறு ஊருக்குத் திரும்பியதும் ஒன்றுமே நடக்காதது போல ஒளிந்துகொள்கிறது. சாந்தோம் மாதிரி வருடம் பூராவும் காற்றில் ஈரம் நிற்கிற ஊரில் அந்தத் திரவம் எவ்வளவு குடித்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல வண்டிகளின் கையேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது.

பெயிண்ட்டின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். காலிப்பர் இரண்டு வழிகாட்டி ஊசிகளின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். பட்டைகளின் காதுகள் அவற்றுக்கான பள்ளத்தில் தடையில்லாமல் வழுக்க வேண்டும். காலை எடுத்ததும் பட்டை மயிரிழை விலகினால்தான் டிஸ்க் சுதந்திரமாகச் சுற்றும். புயல் தண்ணீரில் நின்ற ஊசிகள் துருப்பிடித்திருந்தன. அதை நாங்கள் பார்க்கவில்லை. பள்ளத்தின் மேலும் காதுகளின் மேலும் சேர்த்து ஸ்ப்ரே அடித்து ஒட்டவைத்தோம். பட்டை விலகாமல் உரசிக்கொண்டே இருந்தது, சூடு ஏறிக்கொண்டே இருந்தது. "அடிச்சது தப்பில்லை சார், கழட்டாம அடிச்சதுதான் தப்பு" என்றார் அந்த மெக்கானிக்.

இதை மெரினா நடைக்கூட்டத்தில் சொன்னபோது ஒரு நண்பர், "கியர்தான் தப்பு, ஏறின கியரிலேயே இறங்கியிருக்க வேண்டும்" என்றார். உண்மை. பேரன் மூன்றாவது கியரில் இறங்கினான், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மலையில் அன்று மூன்றாவது கியரில் இறங்கிய மற்ற வண்டிகள் புகையவில்லையே. ஓட்டுகிறவன் தப்பு செய்தாலும் தாங்கிக்கொள்ளத்தானே பிரேக்கை அவ்வளவு கெட்டியாகச் செய்கிறார்கள்? அந்தத் தாங்கு சக்தியை நாங்கள் வீட்டு வாசலிலேயே செலவழித்துவிட்டுப் போயிருக்கிறோம்.

இன்னொரு நண்பர் எதிர்ப்பக்கம் போனார். "வீட்டில் இதையெல்லாம் தொடவே கூடாது, கம்பெனி சர்வீஸில் விட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்." இவரிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். வருடா வருடம் சர்வீஸில் விட்டவன்தான் நானும். எங்கே என்று சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஆறு தாளிலும் ‘பிரேக் ஆயில்’ என்பதற்கு எதிரே டிக் போட்டிருக்கிறது, பார்த்தாயிற்று என்று. பார்த்திருப்பார்கள், டப்பாவில் அளவு குறையவில்லை என்று. முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு டிக்கின் மதிப்பு தெரியாதா? நானே எத்தனை கோப்பில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று போட்டிருக்கிறேன், அதில் எத்தனையைச் சரிபார்த்தேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். சும்மா இருந்தால் டிக்தான் கிடைக்கும். கையில் கறை படிய ஒருமுறை கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் அடுத்த தடவை என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

அடுத்து, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்களில் விற்கிற பிளாஸ்டிக் மூடி. காலிப்பர் உருவத்தில் சிவப்பாக வார்த்து, மேலே வெளிநாட்டுப் பந்தய பிரேக் கம்பெனியின் பெயரை எழுதி, பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். காற்றுப் பட வேண்டிய இடத்துக்குப் போர்வை. பசை விட்டால் சக்கரத்துக்குள் சிக்கும். இதைவிடக் கூத்து, பின்சக்கரத்து டிரம்மின் மேலேயே காலிப்பர் மூடியை ஒட்டிக்கொண்டு போகிறவர்கள். நான் லஸ் சிக்னலில் கண்ணால் பார்த்தேன். காலிப்பரே இல்லாத இடத்தில் காலிப்பர்! நாங்கள் டிரம்முக்குச் சிவப்பு அடித்தது பரவாயில்லை என்று அன்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது.

இந்தச் சிவப்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இத்தாலியில் பெர்கமோ பக்கத்தில் 1961இல் ஆரம்பித்த பிரெம்போ கம்பெனி, 1975 முதல் ஃபெராரி பந்தய வண்டிகளுக்கு பிரேக் செய்து கொடுத்தது. அந்தப் புகழோடு சேர்ந்து சிவப்பு காலிப்பரும் உலகம் சுற்றியது. போர்ஷே வண்டியில் மஞ்சள் காலிப்பர் இருந்தால் உள்ளே இருப்பது இரும்பு டிஸ்க் அல்ல, செராமிக் கலவை டிஸ்க் என்று அடையாளம். அங்கே நிறம் ஒரு தகவல். முன்பு நம் ரேஷன் கார்டில் பச்சை என்றால் அரிசி, வெள்ளை என்றால் சர்க்கரை என்று இருந்ததே, அந்த மாதிரி. வெள்ளைக் கார்டுக்குப் பச்சை அட்டை போட்டுக்கொண்டு போனால் அரிசி கிடைக்குமா?

வருத்தம் என்னவென்றால், இந்தியாவின் பிரேக்குகளில் பெரும் பங்கைச் செய்கிற ஊரே நம் ஊர்தான். பாடியில் 1962 முதல் பிரேக்ஸ் இந்தியா. அதே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ராணே. பிரேக் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்! என் பேரன் அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். அவன் போனில் மூன்று நிமிடப் படம் பார்த்தான். நானும் கேட்கச் சொல்லவில்லை, டப்பா விலையை மட்டும் பார்த்தேன்.

சட்டம் பற்றி ஒருவர் பயமுறுத்தினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் எழுதியிருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைப் பற்றியது. வண்டியின் நிறம் அதில் இருக்கிறது, காலிப்பரின் நிறம் இல்லை. ஆகவே அந்தப் பயம் வேண்டாம்.

பிப்ரவரியில் இரண்டாவது தடவை செய்தோம், ஒரு முழு சனிக்கிழமை. மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து வீட்டுக்கே வரவழைத்தோம். வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே இளக்கி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைத்தார். பிரேக் தூளை வாயால் ஊதக்கூடாது என்று பேரனை அதட்டினார். பழைய பட்டைகளில் கல்நார் இருந்த காலத்து ஆள் அவர். பட்டைகளை வெளியே எடுத்து, ஊசிகளை உருவித் துரு எடுத்து, அதற்குரிய கிரீஸ் வைத்தார். காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பி போட்டுக் கட்டினார். துவைத்த மாதிரி சுத்தம் செய்து, பிஸ்டனின் ரப்பர் உறை, ஆயில் குழாய், காற்று எடுக்கும் நிப்பிள், ஏபிஎஸ் ஒயர், டிஸ்க், பள்ளங்கள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டிய பிறகுதான் டப்பாவைத் தொடவிட்டார். சூடு தாங்கும் டப்பாதான், எழுநூற்றி நாற்பது ரூபாய், நான் கொடுத்தேன். ஒரே பூச்சாக அப்பாமல் மெல்லிய மூன்று பூச்சு.

ஆயில் மாற்றும்போது எனக்கும் வேலை கிடைத்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அவர் "அமுக்குங்க" என்றால் அமுக்கி, "விடாதீங்க" என்றால் விடாமல், "விடுங்க" என்றால் விட்டு. தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து நாலு சக்கரமும் முடிய ஒன்றரை மணி நேரம், என் முழங்கால் இரண்டு நாள் வலித்தது. கண்ணாடிக் குழாயில் முதலில் கறுப்பு வந்தது, பிறகு பழுப்பு, பிறகு தேன் நிறம். அரை லிட்டர் பாட்டில் இரண்டு, ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. சிவப்புக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. சொட்டுச் சிந்தினால் பெயிண்ட்டையே தின்றுவிடும் என்று மெக்கானிக் தண்ணீர் பக்கெட்டோடு நின்றார். மூடிக்குப் பக்கத்தில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். கோப்பு எழுதிய கை, அந்தப் பழக்கம் மட்டும் உபயோகமாக இருக்கிறது.

என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? சிவப்புதான். பேரன் கறுப்பு போதும் என்றான், நான்தான் விடவில்லை. ஆசைப்பட்டவன் ஆசைப்பட்டபடி இருக்கட்டும், உள்ளே இப்போது தேன் நிறம் ஓடுகிறதே.

டப்பாவில் கால்வாசி மிச்சம் இருந்தது. என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், கொல்லிமலைக்குப் பிறகு முதல்முறையாக அந்த வண்டியைப் பற்றிப் பேசினாள். "என்னங்க, அவ்வளவு சூடு தாங்குமாமே, அதைக் கொஞ்சம் கேட்டுக் கொண்டிக்கு அடிங்களேன். கையெல்லாம் துரு."